கோவெலோவில் நிலம் வாங்குறதுக்கு முன்னாடி

தம்பி, வட கலிபோர்னியாவில், யுகாயாவில் வேலை கிடைச்சதுக்கு வாழ்த்துகள். பள்ளிக்கூடம், குளிர் எல்லாம் வந்தா தானா பழகிடும். மசாலாவை மட்டும் சான் பிரான்சிஸ்கோ பக்கம், பே ஏரியா போறப்ப மொத்தமா வாங்கி வெச்சுக்குங்க. "கோவெலோ பக்கம் காலி நிலம் சல்லிசா வருதாம், வாங்கலாமா"ன்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் உட்கார்ந்து எழுதறேன்.

முதல்ல பத்திரம். கோவெலோ இருக்கிற ரவுண்ட் வேலி பள்ளத்தாக்கில் பழங்குடிகளுக்காக அரசு பொறுப்பில் இருக்கிற நிலமும் தனியார் நிலமும் கலந்து கிடக்கு. வில்லங்கம் பார்க்காம அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

அப்புறம் அந்தக் "காலி". ஏஜென்ட் சொன்னதா? அது யூக்கிங்கிற பழங்குடி மக்களோட ஊர். 1854-ல் வெள்ளைக்காரங்க எட்டிப் பார்த்தப்ப ஆயிரக்கணக்கில் இருந்தாங்க. பத்தே வருஷத்தில் மிச்சம் சில நூறு பேர். குடியேறினவங்க விட்ட மாடும் குதிரையும் பன்றியும் இவங்க சாப்பிடற விதை, கிழங்கு, ஓக் கொட்டை எல்லாத்தையும் மேய்ஞ்சு தீர்த்துச்சு. பசியில ஒரு மாட்டை அடிச்சா ஒரு குடியிருப்பையே சுட்டாங்க. பிள்ளைகளைப் பிடிச்சு வேலைக்கு வெச்சுக்க 1850-லேயே சட்டம் வழிவிட்டுச்சு. 1859-ல் ஜார்போன்னு ஒருத்தன் படை திரட்டி, சில மாசத்தில் 283 பேரைக் கொன்னதா தானே கணக்கு எழுதி, மாநில அரசுக்கு 11,000 டாலருக்கு மேல பில் அனுப்பினான். பெரும்பகுதியைக் கொடுக்க அரசும் ஒத்துக்கிச்சு!

அந்தப் படையைக் கிளப்பிவிட்டதில் முக்கியமான ஆள் ஹேஸ்டிங்ஸ். கலிபோர்னியாவோட முதல் தலைமை நீதிபதி. பக்கத்து ஈடன் வேலியில் பண்ணை வெச்சிருந்தார். 1878-ல் லட்சம் டாலர் கொடுத்துத் தன் பேரில் சட்டக் கல்லூரி ஆரம்பிச்சார். அந்தப் பேரை எடுத்தது 2023-ல்தான்.

"அங்கெல்லாம் ஏன் போறே, ரெட் இண்டியன் ஏரியா"ன்னு பே ஏரியாவில் கூப்பர்டினோவைத் தாண்டாத நம்மாளுங்க சொல்வாங்க. ஊர்ல ஏரியை வளைச்சுப் போட்ட பிளாட்டுக்கு நியாயம் பேசுறவங்களும் அவங்கதான். காதில போட்டுக்காதீங்க.

நான் வந்த வருஷம் பக்கத்து ஊர் வில்லிட்ஸில் ஹீட்டர் ஓடாத வாடகை வீடு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டா எடுக்க மாட்டார். என்னோட நைட் ஷிப்ட் பார்த்த கோவெலோக்காரர் ஒருத்தர்தான் கேக்காமலே விறகு கொண்டு வந்து இறக்கினார். அம்மா வழி யூக்கி, அப்பா வழி கொங்காவ், அதுவும் ஒரு பழங்குடி. 1863-ல் கிழக்கே சீக்கோ ஊரிலிருந்து படைக்காவலில் நடத்திக் கூட்டிட்டு வந்த கொங்காவ் மக்கள் 461 பேர்ல 277 பேர்தான் ரவுண்ட் வேலி வந்து சேர்ந்தாங்கன்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்தில் டாஸ் ரியோஸில் அணை கட்டி அந்தப் பள்ளத்தாக்கையே மூழ்கடிக்கப் பார்த்ததையும், 1969-ல் அப்ப கலிபோர்னியா கவர்னரா இருந்த ரீகன் அதை நிறுத்தினதையும் நேத்து நடந்த மாதிரி சொல்வார். நான் வெச்ச ரசத்தை ரெண்டு தம்ளர் குடிச்சுட்டு, மிளகு போதலைன்னார்.