கூரை மடக்கும் பழைய காரில் கதவு ஜன்னல் கண்ணாடி ஏன் கடகடவென ஆடுகிறது?

கூரையை மடக்கிப் பின்னால் வைக்கக்கூடிய கார்தான் கன்வெர்டிபிள். சாதாரண காரில் கண்ணாடியைச் சுற்றிக் கதவோடு சேர்ந்த சட்டம் இருக்கும். இதில் பெரும்பாலும் அது கிடையாது. கதவுக்குள் இருக்கும் பாகங்கள்தான் முக்கியப் பிடிமானம். வேலிக்கம்பின் அடிமண் இளகினால், கீழே விரற்கடை அசைவு உச்சியில் ஒரு சாண் ஆட்டமாகும் அல்லவா, அதேதான்.

இளகுவது எது? பெரும்பாலும், கண்ணாடி ஏறி இறங்கும் சேனலுக்குள் ஒட்டிய ஃபெல்ட் துணி. ஊட்டி, குன்னூர் ஈரத்தில் அது சீக்கிரம் மக்கிவிடும். ஊட்டி அருகே கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கி ஏறினால் சத்தம் தானாகத் தெரியும்.

கதவின் உள்அட்டையைக் கழற்றி, சேனலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுப்புத் தூளாக உதிர்ந்தால் புது ஃபெல்ட் ஒட்ட வேண்டியதுதான். கண்ணாடியை முழுக்க ஏற்றிய பிறகும் ஆடினால், ஏற்றும் கருவியின் உருளையையும் சேனல் போல்ட்டுகளையும் பாருங்கள். போல்ட்டைத் தளர்த்தும் முன் அது இருந்த இடத்தை மார்க்கரால் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி கூரை ரப்பரோடு பொருந்தவே பொருந்தாது. அப்புறம், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பெடுங்கள். தண்ணீர் தேங்கினால் புது ஃபெல்ட்டும் போய்விடும்.

மேலே தடித்த ரப்பர் வைத்தால் ஆட்டம் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது கண்ணாடியை வெளியே தள்ளிக் கதவை இறுக்குமே தவிர, கீழே உள்ள தளர்ச்சி அப்படியே இருக்கும்.