ஹிஞ்ச் உடைந்த லேப்டாப்பை அனுப்பும் முன்

கேள்வி: என் கேமிங் லேப்டாப்பைத் திறக்கும்போது இடது ஹிஞ்ச் (திரையை அடிப்பாகத்தோடு இணைக்கும் கீல்) பக்கம் ‘டக்’ என்று சத்தம் வந்தது, இப்போது அங்கே பிளாஸ்டிக் பிளந்து நிற்கிறது. திரை நன்றாகத்தான் இருக்கிறது. பசை போட்டு ஒட்டினால் போதுமா? சர்வீஸுக்கு அனுப்பினால் என் ஃபைல்கள் என்ன ஆகும்?

பதில்: திரை இன்னும் நன்றாக இருக்கிறதே, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். திறந்து மூடுவதை இன்றே நிறுத்துங்கள். ஹிஞ்ச் உலோகம், ஆனால் பல மாடல்களில் அதன் ஸ்குரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த குட்டிப் பித்தளை மரைகளில்தான் இறங்கியிருக்கும். ஹிஞ்ச் இறுகிப்போனால் நீங்கள் திறக்கும் வேகமெல்லாம் அந்த மரைகள் மேல் விழுந்து, அவை பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். திரைக்குப் போகும் கேபிளும் பெரும்பாலும் அந்த ஓரமாகத்தான் போகிறது, அது நசுங்கினால் செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

நீங்களாகப் பசை போடவே வேண்டாம். திரவமாக ஓடும் பசை ஹிஞ்சுக்குள் இறங்கினால் அது இன்னும் இறுகும், அப்புறம் அடுத்த முறை திறக்கும்போது மிச்சமிருப்பதும் பிய்ந்துவிடும்.

ஒன்று கவனியுங்கள்: டச்பேட் மேலே எழும்பியோ அடிப்பக்கம் உப்பியோ இருந்தால் அது பேட்டரி வீங்கியதாக இருக்கலாம். அப்படியென்றால் சார்ஜ் போடாதீர்கள், கூரியரிலும் அனுப்பாதீர்கள், சர்வீஸ் சென்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஃபைல்களைப் பொறுத்தவரை, ஹிஞ்ச் வேலைக்கு அவை இருக்கும் எஸ்எஸ்டி டிரைவைத் தொட வேண்டியதில்லை. ஆனாலும் சில இடங்களில் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள், அதனால் இரண்டு கைகளாலும் இருபுறமும் சமமாகப் பிடித்து மெதுவாக ஒரே ஒரு முறை திறந்து, எல்லாவற்றையும் வெளி டிரைவில் பேக்கப் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயையும் வேறிடத்தில் எழுதி வையுங்கள், மதர்போர்டு மாற்றினால் அதைக் கேட்கும். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் தனியாக ஒரு அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுங்கள்.

வாரண்டி இருந்தாலும் ‘கீழே போட்டிருக்கிறீர்கள்’ என்று சொல்லித் தட்டிக்கழிப்பது நடக்கும். நான்கு மூலைகளிலும் அடிபடவில்லை என்பது தெரிகிற மாதிரி போட்டோ, திரை சரியாக வேலை செய்வது தெரிகிற மாதிரி வீடியோ, சீரியல் நம்பர், எல்லாம் கையில் இருக்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: ஹிஞ்சை மட்டும் மாற்றுகிறீர்களா, பெயர்ந்துபோன கவரையும் சேர்த்து மாற்றுகிறீர்களா? மரை பிடிக்காத பிளாஸ்டிக்கில் புது ஹிஞ்ச் நிற்காது. எஸ்டிமேட்டில் இரண்டு பாகமும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். கவர் கிடைக்கவில்லை என்றால் எபாக்சி (இரண்டு பாகத்தைக் கலந்து இறுக வைக்கும் கெட்டிப் பசை) வைத்து மரையை மறுபடி பதிப்பது சரியான வழிதான், கைதேர்ந்தவர் செய்தால் நன்றாகவே நிற்கும்.

திரும்பி வந்ததும் கடையிலேயே திறந்து, திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். படம் மின்னினால் கேபிள் சரியாக உட்காரவில்லை. வைஃபை, கேமரா இரண்டையும் அப்போதே சோதித்துவிடுங்கள், அவற்றின் வயர்களும் பல மாடல்களில் ஹிஞ்ச் வழியாகத்தான் போகின்றன.