சீட் எண்ணுக்கு முன் எல்லை: மைன்கிராஃப்ட் சர்வருக்கு உலகம் திட்டமிடுவது எப்படி?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் 15 பேருக்காக, 16 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் அமைக்கிறேன். சென்ற முறை யாராவது புதிய இடத்தை நோக்கிப் பறந்தாலே எல்லோருக்கும் லேக், அதாவது ஆட்டம் தடங்கித் தாமதமாவது, வந்தது. இம்முறை உலகை எப்படித் திட்டமிடுவது? நம் ஊரைப் போல ஓர் ஏரியின் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி ஒரு தொடரும் வேண்டும் என்கிறார்கள். அது முடியுமா?

பதில்: பெரும்பாலோர் உலகின் நிலம் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கும் அழகான சீட் எண்ணைத் தேடுவதில் இரண்டு நாள் செலவிட்டுவிட்டு, உலகின் எல்லையைப் பற்றி யோசிக்காமலே சர்வரைத் திறந்துவிடுகிறார்கள். உங்கள் லேக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. நிலம் 16-க்கு 16 பிளாக் (கனசதுரக் கட்டி) கொண்ட சன்க்குகளாக, ஆட்டக்காரர் நெருங்கும்போதுதான் உருவாகிறது. காட்சித் தூரம், அதாவது ஒவ்வொரு புறமும் காட்டப்படும் சன்க்குகளின் எண்ணிக்கை, வழக்கமான 10 ஆக இருந்தால், ஒருவரைச் சுற்றி 21-க்கு 21, அதாவது 441 சன்க்குகள் தேவைப்படும். எலைட்ரா சிறகும் ராக்கெட்டும் வைத்திருக்கும் பிள்ளை வினாடிக்கு 30 பிளாக்குக்கு மேல் நேராகப் பறந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 40 புதிய சன்க்குகளைக் கணினி அந்த ஒருவருக்காக மட்டுமே கணக்கிட வேண்டியிருக்கும். பழைய கணினியால் அது ஆகாத காரியம். நினைவகத்தைக் கூட்டினாலும் பெரிய மாற்றம் இராது, ஏனெனில் இங்கே சுமை முழுவதும் புராசசர் மேல் விழுகிறது.

ஆகவே நடுவிலிருந்து நான்கு புறமும் 5,000 பிளாக்குடன் உலக எல்லையை நிறுத்திவிடுங்கள். சிறிதாகிவிடுமே என்று தயங்க வேண்டாம். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்ற கணக்கில் அது 100 சதுர கிலோமீட்டர். சுமார் 700 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த பெங்களூரு மாநகராட்சிப் பரப்பில் ஏழில் ஒரு பங்கு, அதுவும் 15 பேருக்கு! நடுவிலிருந்து ஓரம் வரை நடந்தே போனால் 19 நிமிடம் பிடிக்கும். அதே சமயம் 1,000 பிளாக் என்று மிகவும் சுருக்கிவிடவும் கூடாது. டிராகன் வாழும் எண்ட் என்ற தனி உலகுக்கு வழிவிடும் கோட்டைகளின் முதல் வளையம் நடுவிலிருந்து 1,280 பிளாக்குக்கு அப்பால்தான் தொடங்குகிறது. எல்லை அதற்குள் முடிந்தால் டிராகனைப் பார்க்காமலே பிள்ளைகள் ஆட்டத்தை முடிக்க வேண்டியதுதான்.

இந்த எல்லைக்குள் 3,90,625 சன்க்குகள் அடங்கும். சர்வரைத் திறப்பதற்கு முன்பே சன்க்கி என்ற பிளக்இன் கொண்டு இவை அனைத்தையும் உருவாக்கி வைத்துவிடுங்கள். உங்கள் கணினி வினாடிக்கு 20 சன்க் செய்தால்கூட, ஐந்தரை மணி நேரத்தில், அதாவது ஓர் இரவில், வேலை முடிந்துவிடும். நடுவே மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 512-க்கு 512 பிளாக் நிலம் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுவதால், முதலில் உருவாகும் நாலைந்து கோப்புகளின் சராசரி அளவை 400-ஆல் பெருக்கிப் பாருங்கள். காட்சித் தூரத்தை 7 அல்லது 8 ஆகக் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எல்லையைச் சிறிதாக வைப்பதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. புதிய பதிப்புகளில் வரும் பயோம்கள் (காடு, பாலைவனம் போன்ற நில வகைகள்) இன்னும் உருவாகாத நிலத்தில்தான் தோன்றும். அப்போது எல்லையை 6,000 ஆக்கினால் புதியவை அந்த வளையத்தில் கிடைத்துவிடும்.

சீட் எண்ணைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை போதும். ஒருமுறை என் உலகை வேறு கணினிக்கு மாற்றியபோது நிலக் கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டு, சீட் எண்ணைத் தாங்கியிருக்கும் லெவல்.டாட் கோப்பை விட்டுவிட்டேன். சர்வர் தானாகவே வேறொரு எண்ணை எடுத்துக்கொண்டது. பழைய நிலம் முடிந்த இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்துச் சுவர்கள். காடு பாதியில் நின்று கடல் தொடங்கியது. உலகம் உருவானபின் அமைப்புக் கோப்பில் எண்ணை மாற்றினால் எந்த விளைவும் இராது என்பதையும் அப்போதுதான் கற்றேன்.

இனி ஏரித் தொடருக்கு வருவோம். ஓரிடத்தின் உயரத்தை சீட் எண்ணும் அந்த இடத்தின் ஆயங்களும் மட்டுமே தீர்மானிக்கின்றன. 1980-களில் கென் பெர்லின் உருவாக்கிய, சீரான ஏற்ற இறக்கங்களைத் தரும் நாய்ஸ் முறையின் வழிவந்த கணக்கு இது. பக்கத்து நிலத்தைக் கேட்காமலே ஒவ்வொரு துண்டும் உருவாவதால்தான் உலகைத் தொடர்ந்து விரிக்க முடிகிறது. ஆனால் நீர் எங்கிருந்து எங்கே வடியும் என்பதை அறிய முழு நிலத்தின் சரிவும் தெரிய வேண்டும். அது தெரியாததால்தான் மைன்கிராஃப்டின் ஆறுகள் எல்லாம் கடல் மட்டத்திலேயே கிடக்கின்றன. எனவே ஏரிகளை இணைக்கும் நம் ராஜகாலுவைகள் என்ற பெருங்கால்வாய்களைப் போன்ற அமைப்பை சீட் எண்ணில் தேடிப் பயனில்லை. கையால்தான் வெட்ட வேண்டும்.

உயரம் 100 அளவில் ஒரு மேட்டுச் சமவெளி நடுவுக்கு அருகில் வரும் சீட் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கடல் மட்டம் 63 என்பதால் 37 பிளாக் சரிவு கையில் இருக்கும். ஏரிக்கு ஏரி 7 பிளாக் இறக்கினால் ஐந்து ஏரிகளை அமைத்துவிடலாம். குழிகளையும் கரைகளையும், நிலத்தை மொத்தமாக மாற்ற உதவும் வேர்ல்டுஎடிட் என்ற பிளக்இன் கொண்டு ஒரு மாலையில் முடிக்கலாம். சமதளத்தில் நீர் ஊற்றிலிருந்து 7 பிளாக் வரையே பரவும் என்பதால், ஏரிகளை இணைக்கும் கால்வாயில் ஏழு பிளாக்குக்கு ஒரு படி இறக்கம் வையுங்கள். விழுந்த இடத்திலிருந்து நீர் மறுபடி ஏழு பிளாக் ஓடும். ஏழு படிகளில் 7 பிளாக் சரிவும் தீர்ந்துவிடுவதால், ஏரிக்கு ஏரி கால்வாயின் நீளம் சுமார் 50 பிளாக்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.