புல்வெளி வீட்டின் அம்மா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி நாட்களில் நூலகத்தில் எடுத்துப் படித்த ‘லிட்டில் ஹவுஸ்’ கதைகளில் வரும் அம்மா உண்மையாகவே வாழ்ந்தவர் என்று அண்மையில்தான் அறிந்தேன். கதை முடிந்த பிறகு அவருடைய வாழ்க்கை என்ன ஆயிற்று? எங்கள் பாட்டி சென்ற மாதம் தம் 84ஆம் வயதில் காலமானார். அவரை நினைக்கும்போதெல்லாம் இந்த அம்மாவும் கூடவே நினைவுக்கு வருகிறார்.

பதில்: உங்கள் பாட்டியின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நீங்கள் நினைவுகூரும் அந்த அம்மா, கரோலின் இங்கல்ஸ், அந்தக் கதைகளை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரின் தாய். அவரும் 84 ஆண்டுகள் வாழ்ந்தவர். 1839 டிசம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதியில் பிறந்து, 1924 ஏப்ரலில் தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட் என்னும் சிற்றூரில் கண்மூடினார். ஐந்து வயதில் தந்தையை மிச்சிகன் ஏரியின் கப்பல் விபத்தில் பறிகொடுத்து, வறுமையில் வளர்ந்து, பதினாறு வயதிலேயே பள்ளி ஆசிரியையானவர். 1860இல் சார்ல்ஸ் இங்கல்ஸை மணந்தார். கரோலினின் அண்ணன் சார்ல்ஸின் சகோதரியையும், தங்கை சார்ல்ஸின் அண்ணனையும் மணந்தார்கள் என்பதால், பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் என்று நாம் சொல்வது அந்த இரண்டு குடும்பங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

சார்ல்ஸ் நல்லவர், உழைப்பாளி, அழகாக வயலின் வாசிப்பவர். ஆனால் ஓரிடத்தில் கால் தரிக்காதவர். விஸ்கான்சினிலிருந்து கான்சாஸ், மீண்டும் விஸ்கான்சின், பிறகு மினசோட்டா, அயோவா, திரும்பவும் மினசோட்டா, கடைசியில் 1879இல் டகோட்டா என்று, கூண்டு வண்டியில் குழந்தைகளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு கரோலின் அவர் பின்னால் சென்றார். 1875இல் மினசோட்டாவில் விளைந்து நின்ற கோதுமையை வெட்டுக்கிளிக் கூட்டம் தின்று தீர்த்தது. கையில் எதுவுமில்லை என்று சார்ல்ஸ் எழுதிக் கையெழுத்திட்டு நிவாரண மாவு வாங்கிய அதே நவம்பர் மாதத்தில்தான் அவர்களுடைய ஒரே மகன் பிறந்தான். ஒன்பது மாதங்களே வாழ்ந்து, மறு ஆண்டு ஆகஸ்டில், அடுத்த ஊருக்குப் போகும் வழியில் அவன் இறந்தான். மகள் லாரா பிற்காலத்தில் எழுதிய நாவல்களில் இந்தத் தம்பி இடம்பெறவே இல்லை. அவர் விட்ட இந்த ஒரு மௌனம், தாயின் துயரம் எவ்வளவு பெரியதென்று எனக்கு உணர்த்துகிறது.

1879இல் மூத்த மகள் மேரி, பதினான்கு வயதில், கடும் காய்ச்சலுக்குப் பின் பார்வையை இழந்தாள். மூளையையும் அதைச் சூழ்ந்த உறையையும் தாக்கிய வைரஸ் தொற்றே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2013இல் மருத்துவர்கள் ஆராய்ந்து கூறினார்கள். டகோட்டாவில் பார்வையற்றோருக்குப் பள்ளி இல்லாததால், அயோவாவின் விண்டன் நகரக் கல்லூரிக்கு 1881இல் மேரியை அனுப்பினார்கள். பெண்பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்பதில் முன்னாள் ஆசிரியையான கரோலின் உறுதியாக இருந்தார். இனி டி ஸ்மெட்டைவிட்டு மேற்கே நகர்வதில்லை என்று கணவரிடம் அவர் மறுத்து நின்றதற்கும் அந்த உறுதியே பெருங்காரணம்.

1880–81 பனிக்காலத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அக்டோபரிலேயே பனிப்புயல்கள் தொடங்கிவிட்டன. இருப்புப்பாதையைப் பனி மூடியதால் ஜனவரியிலிருந்து வசந்தம்வரை டி ஸ்மெட்டுக்கு ரயில் வரவில்லை. மரமே இல்லாத அந்தப் புல்வெளியில் நிலக்கரி தீர்ந்தபின், காய்ந்த புல்லைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிக் கட்டைகளாக்கி அடுப்பெரித்தார்கள். ஒரு முறுக்கு எரிந்து முடிவதற்குள் அடுத்ததை முறுக்கியாக வேண்டும். மாவு தீர்ந்தபின் காப்பிக்கொட்டை அரைக்கும் சிறிய கையந்திரத்தில் கோதுமையைப் போட்டு, வீட்டிலுள்ளோர் மாறி மாறி நாள் முழுவதும் அரைத்து, அதில் ரொட்டி சுட்டார்கள். மண்ணெண்ணெய் தீர்ந்தபோது, துணித்துண்டு ஒன்றில் பொத்தானை வைத்து முடிந்து, மேல்நுனியைத் திரியாக முறுக்கி, வண்டி அச்சுக்குப் போடும் மசகைத் தட்டில் வைத்து, அதில் அந்தத் திரியை நிறுத்தி அம்மா விளக்கேற்றினார் என்று லாரா எழுதுகிறார். அகல் விளக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வெளிச்சத்தின் அளவு தெரியும். கைக்குழந்தையோடு இன்னொரு இளம் தம்பதியும் அந்தப் பனிக்காலம் முழுவதும் அதே வீட்டில் தங்கியிருந்தார்கள் என்ற செய்தி, லாராவின் தன்வரலாற்றுக் கையெழுத்துப்படி 2014இல் அச்சானபோதுதான் பலருக்கும் தெரிந்தது.

இனி, நீங்கள் கேட்ட பிற்கால வாழ்க்கை. 1887இல் சார்ல்ஸ் ஊருக்குள் ஒரு வீடு கட்டினார். 1902இல் அவர் மறைந்த பிறகு, 22 ஆண்டுகள் கரோலின் அந்த வீட்டில் மேரியுடன் வாழ்ந்தார். ஈக்கள் மொய்க்காமல் இருக்கக் குதிரைகளின்மேல் போர்த்தும் வலைகளை மேரி கையால் பின்னி விற்றார். பார்க்க இயலாத மகளும் முதுமை எய்திய தாயும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்த அந்த ஆண்டுகளில் புயலும் இல்லை, வெட்டுக்கிளியும் இல்லை. ஆகையால் அவற்றைப் பற்றிக் கதையும் இல்லை. என் கணக்கில் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய உழைப்பு அதுதான்.

கேள்வி: அந்த நிலம் பூர்வகுடிகளுடையது அல்லவா? அதில் குடியேறியவரை இவ்வளவு அன்போடு நினைவுகூர்வது சரியா?

பதில்: கான்சாஸில் அவர்கள் வீடு கட்டிய இடம் ஓசேஜ் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பது உண்மை. 1870இல் அம்மக்கள் அந்த நிலத்தை விட்டு, இன்றைய ஓக்லஹோமா இருக்கும் பகுதிக்குப் பெயர நேர்ந்தது. நாவல்களில் வரும் அம்மா பூர்வகுடிகளை அஞ்சுகிறார், வெறுக்கவும் செய்கிறார். இத்தகைய சித்திரிப்புகளின் காரணமாகவே, லாராவின் பெயரைத் தாங்கியிருந்த சிறுவர் இலக்கிய விருதுக்கு 2018இல் அமெரிக்க நூலகர்கள் வேறு பெயர் சூட்டினார்கள். அது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன். ஒருவரை அன்போடு நினைவுகூர்பவர், அவர் யாருடைய நிலத்தில் அடுப்பு மூட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர். நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போதும் நான் இதைக் கடைப்பிடிக்க முயல்கிறேன்.

கேள்வி: கரோலின் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே ஏதாவது எழுதினாரா? எங்கள் பாட்டிக்காக ஒரு நினைவு மலர் தயாரிக்க விரும்புகிறோம். அவர் கைப்பட எழுதியது எதுவும் எங்களிடம் இல்லை. அவருடைய அக்கா மட்டும் ஊரில் இருக்கிறார்.

பதில்: கரோலின் தம் கதையைத் தாமே எழுதவில்லை. நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி மகள் எழுதியது. அந்த மகளும் தாய் இடம்பெறும் தம் முதல் கதைப்புத்தகத்தைத் தாய் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1932இல்தான் வெளியிட்டார். தாய் இறந்த செய்தி மிசூரியில் இருந்த லாராவுக்குத் தந்தியில் வந்தது. தந்தை இறந்த 1902க்குப் பிறகு அவர் தாயை நேரில் பார்க்கவில்லை; இறுதிச் சடங்குக்கும் போக இயலவில்லை.

மறு ஆண்டு, 1925இல், லாரா தம் பெரியம்மா மார்த்தாவுக்குக் கடிதம் எழுதினார். மார்த்தா கரோலினின் அக்கா. அப்போது 87 வயதைக் கடந்தவர். நீங்களும் அம்மாவும் சிறுமிகளாக இருந்தபோது எப்படி வாழ்ந்தீர்கள், அந்தக் காலத்துச் சமையல் எப்படி இருந்தது என்று கேட்டார். பெரியம்மாவும் தம் நினைவில் இருந்தவற்றை எழுதி அனுப்பினார். தாயிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்குத் தாயின் அக்காவிடமிருந்து லாராவுக்குப் பதில் கிடைத்தது.

உங்கள் பாட்டியின் அக்கா ஊரில் இருக்கிறார் என்கிறீர்கள். மலரின் அட்டை, அச்சு, படங்கள் எல்லாம் பிறகு ஆகட்டும். இந்த வாரமே புறப்பட்டுச் செல்லுங்கள். பெரிய கேள்வி எதுவும் வேண்டாம். சிறு வயதில் இருவரும் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், மழைக்காலத்தில் விறகு நனைந்தால் அடுப்பெரிக்க என்ன செய்தீர்கள் என்று தொடங்குங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.