ஆறு உருண்டையும் ஒரு ராட்சதனும்

கேள்வி: இத்தாலியின் மெடிச்சி பரம்பரைக்கு இன்று வாரிசுகள் உண்டா? அவர்கள் குலச்சின்னத்தில் ஆறு உருண்டைகள் இருப்பது ஏன்?

பதில்: வாரிசு அப்புறம். முதலில் உருண்டை.

வங்கி நடத்திப் பணம் சேர்த்து, புளோரன்ஸ் நகரை ஆண்ட அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்ட கதை இது. ஷார்லமேன் மன்னர் காலத்தில் அவெரார்தோ என்றொரு வீரர். புளோரன்ஸுக்கு வடக்கே முஜெல்லோ பள்ளத்தாக்கில் ஊரைப் பாடாய்ப் படுத்திய ராட்சதனோடு மோதுகிறார். ராட்சதன் அடித்த அடியில் கேடயத்தில் விழுந்த பள்ளங்கள்தான் உருண்டைகள் ஆயினவாம். பள்ளம் எப்படி மேடானது என்று கேட்காதீர்கள். பணக்கார வீட்டுப் புராணத்தில் அதெல்லாம் கேட்கிற வழக்கமில்லை.

மெடிச்சி என்றால் வைத்தியர்கள். ஆகவே அவை மாத்திரைகள் என்பது இன்னொரு கட்சி. இல்லை, காசு மாற்றுவோர் சங்கச் சின்னத்திலிருந்து வந்த நாணயங்கள் என்பது மூன்றாவது கட்சி. என் ஓட்டு நாணயத்துக்கு. மாத்திரைக் கட்சியை நான் நம்பாததற்குக் காரணம் உண்டு. குடும்பத்தில் முதலில் நகரத்தைக் கைக்குள் வைத்திருந்த பெரிய கொசிமோவுக்கு மூட்டுவாதம். மகன் பியரோவுக்கு வரலாற்றில் பட்டப்பெயரே 'வாதக்காரர்'. பல்லக்கில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. பேரன் லொரென்சோ அதே உபாதையோடு 43 வயதில் போய்ச் சேர்ந்தார். ஆறு மாத்திரையில் ஒன்றாவது வேலை செய்திருக்க வேண்டாமா?

எண்ணிக்கைகூட ஆரம்பத்தில் ஆறு இல்லை. கூடியும் குறைந்தும்தான் ஆறில் வந்து நின்றது. 1465இல் பிரான்ஸ் மன்னர் பதினொன்றாம் லூயி தன் லில்லிப் பூக்களைப் போட்டுக்கொள்ள பியரோவுக்கு அனுமதி கொடுத்தார். அந்தப் பூக்கள் ஏறிய மேல் உருண்டை மட்டும் அதனால்தான் நீலம், மற்றவை சிவப்பு. நம் ஊரில் 'உபயம்' என்று எழுதுகிற இடத்தில் அவர்கள் இந்த உருண்டைகளைப் பதித்தார்கள். சான் மார்க்கோ மடத்தைக் கொசிமோ புதுப்பித்துக் கொடுத்தபோது, சாமியார்களின் கழிப்பறையைக்கூட விட்டுவைக்கவில்லை என்று எதிரிகள் முணுமுணுத்தார்களாம்.

இந்த இடத்தில் நம் தபால் அட்டை நண்பர் பேனாவைத் திறந்திருப்பார். "மெடிச்சி அல்ல, மெதிச்சி" என்று எத்தனையோ வருஷமாக எழுதிவருகிறார். உச்சரிப்பில் அவர் கட்சிதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'மெதிச்சி' என்று அச்சடித்தால், யாரோ தெருவில் எதையோ மிதித்துவிட்டுத் திண்ணைக்கு வந்த மாதிரி இருக்கிறது. யோசித்தால் அதுவும் பொருத்தமே. குடியரசு, குடியரசு என்று சொல்லிக்கொண்டே புளோரன்ஸை மிதித்தவர்கள்தானே? 1532இல் அந்தக் குடும்பத்து அலெஸாந்த்ரோ டியூக் ஆனதும் அப்படிச் சொல்வதையும் விட்டார்கள். நண்பரே, அடுத்த அட்டையில் இந்த வெற்றியைக் கொண்டாடிக்கொள்ளுங்கள். தபால் செலவு உங்களுடையது.

வம்சாவளி என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. என் மேசைக்கு அச்சுக்காக வந்த வம்சாவளிகள் எல்லாவற்றிலும் தாத்தாவுக்குத் தாத்தாவைத் தாண்டியதும் அத்தனை பேரும் குதிரை ஏறிவிடுகிறார்கள். ஒருவர்கூட நடந்து போவதில்லை, ஒருவர்கூடக் கடன் வாங்குவதில்லை. மெடிச்சிகள் விஷயத்தில் என்னைக் கேட்டால், ராட்சதனை விட்டுவிட்டு 1397இல் புளோரன்ஸில் வங்கி திறந்த ஜொவான்னி தி பிச்சியிலிருந்து எண்ணத் தொடங்குவேன். அவரிடம் கணக்குப் புத்தகமாவது இருந்தது.

உறவு எப்படி முளைக்கிறது என்பதற்கும் அங்கேயே சாட்சி உண்டு. மிலானில் மெடிச்சி என்றே இன்னொரு குடும்பம். புளோரன்ஸ்காரர்களுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. அதில் ஒருவர் திருச்சபையில் மேலே மேலே போய், 1559இல் நான்காம் பயஸ் என்ற போப்பாகவே ஆனார். புளோரன்ஸ் டியூக் கொசிமோ (மூட்டுவாதக் கொசிமோ அல்ல, பிற்காலத்தவர்), 'நீங்கள் நம்மவர்தானே' என்று உருண்டைகளைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். போப் ஆன சித்தப்பாவை யார் வேண்டாம் என்பார்கள்?

சரி, வாரிசு. ஆண்ட கிளை 1737இல் ஜான் கஸ்தோனே பிள்ளையில்லாமல் இறந்ததோடு நின்றது. ஆனால் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்த ஒட்டயானோ கிளை நேப்பிள்ஸ் பக்கம் போய்த் தழைத்தது; அந்த வழியினர் இன்றும் இருக்கிறார்கள். 1605இல் ஒரு மாதம்கூட நிரம்பாமல் போப்பாக இருந்து இறந்த பதினொன்றாம் லியோ அந்தக் கிளைதான். சொத்தில் பங்கு உண்டா என்று அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள். ஜான் கஸ்தோனேவின் அக்கா அன்னா மரியா லூயிசா, புதிதாகப் பட்டத்துக்கு வந்த லொரேன் குடும்பத்தோடு அந்த வருஷமே ஒப்பந்தம் போட்டு, குடும்பத்தின் ஓவியம், சிலை, நூலகம் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டார். எதையும் புளோரன்ஸை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது நிபந்தனை.