டோக்கன் 23: டாக்டரைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

சென்ற முறை சர்க்கரை மாத்திரைகள் பற்றி எழுதியிருந்தேன். பதிலுக்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் மாத்திரையைப் பற்றியே கேட்கவில்லை. "மாத்திரையை விடுங்கள் டாக்டர், அதை எழுதி வாங்க மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறதே" என்றுதான் எழுதியிருந்தார்கள். சின்ன ஊர் ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். என் கிளினிக் பெஞ்சிலும் ஆட்கள் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். அதனால் இந்த முறை காத்திருப்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மாலை 6 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் தருகிறார்கள். 5.45-க்கே போய் உட்கார்ந்தாலும் உள்ளே கூப்பிடும்போது 8.15 ஆகிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிரஷர் செக்கப்புக்குப் போகிறேன், ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். எதுவரை பொறுத்துக்கொள்ளலாம்? – வாசகி, திருச்சி

அரை மணி நேரம் தாமதமாகும் என்று நினைத்துக்கொண்டே எந்த டாக்டரிடமும் போங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றுதான் கணக்குப் போடுகிறோம். வயிற்று வலி என்று வந்தவர், கதவைச் சாத்திவிட்டு, "ராத்திரியில தூக்கமே இல்ல டாக்டர்" என்று அழ ஆரம்பித்தால் அவரைப் பாதியில் எழுப்பி அனுப்ப முடியாது. மகப்பேறு மருத்துவர் என்றால் பிரசவம், சர்ஜன் என்றால் தியேட்டர். இந்தத் தாமதங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டரை மணி நேரம் என்றால் அங்கே நேரம் கொடுக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. ஆறு மணி என்று ஐந்தாறு பேருக்குச் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். இன்னொரு ஆஸ்பத்திரியில் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு டாக்டர் ஏழு மணிக்குத்தான் வருவார் என்பது கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியும், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இது நோயாளியின் நேரத்துக்கு மதிப்புக் கொடுக்காத பழக்கம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்காதீர்கள். "அடுத்து நீங்கதாம்மா" என்ற பதில்தான் வரும். டாக்டர் வந்துவிட்டாரா, உள்ளே இருப்பது எத்தனையாவது டோக்கன், இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். அரை மணி கழித்து மறுபடி டோக்கன் நம்பரைப் பாருங்கள். நான்கு பேர் போயிருந்து, உங்களுக்கு முன்னால் இன்னும் 12 பேர் இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அது தெரிந்துவிட்டால், கவுன்டரில் சொல்லிவிட்டுப் போய் டிபன் சாப்பிட்டு வரலாம், கடை வேலையை முடிக்கலாம்.

வழக்கமான செக்கப்புக்கு ஒரு மணி நேரம் என்பது என் கணக்கு. அதற்கு மேலும் டாக்டர் எப்போது வருவார் என்றே யாரும் சொல்லவில்லை என்றால், வேறு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புவதில் தப்பில்லை. ஆனால் கிளம்பும் முன் மாத்திரை டப்பாவை மனதுக்குள் ஒரு தரம் பாருங்கள். பிரஷர், வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பது, ஸ்டீராய்டு: இந்த மாத்திரைகள் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது. தீரப்போகிறது என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்குமான சீட்டையாவது வாங்காமல் வராதீர்கள். காத்திருக்கப் பிடிக்காமல் திரும்பிப் போய், பத்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்து, 200-க்கு மேல் பிரஷரோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள். மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி'யில் வீட்டிலிருந்தே இலவசமாக ஒரு டாக்டரிடம் பேசலாம்.

அப்பாவுக்குக் காலையில் நெஞ்சு வலி. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எடுத்து ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். கடைசியில் கேஸ் பிரச்சினைதான் என்றார்கள். நாங்கள் செய்தது சரிதானா? – வாசகர், விழுப்புரம்

தப்பு. கேஸ் என்று தெரிந்தது வரிசையில் நின்ற பிறகுதானே.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, கிளினிக்கில் நல்ல கூட்டம். டோக்கன் 23, ஐம்பது வயதுக்காரர். முக்கால் மணி நேரமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இன்னொருவரை வழியனுப்ப வெளியே வந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். கையில் டோக்கன் கசங்கிப்போயிருந்தது. மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டிருந்தார், உள்ளே பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி, "காலையிலேர்ந்து நெஞ்செரிச்சல்ங்க, எல்லாரும் காத்திருக்காங்களேன்னு சொல்லல" என்றார். இ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு. காரில் படுக்க வைத்து அனுப்பினோம், பிழைத்துவிட்டார். அந்த முக்கால் மணி நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மறுநாளிலிருந்து எங்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும்போதே "என்ன பண்ணுது?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

நெஞ்சு வலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அதனால் நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்குதல் என்றால் ஓ.பி. பக்கமே போகாதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. வண்டி இல்லையென்றால் 108. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்புமாகவும் மாரடைப்பு வரும்.

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தளர்வது, பேச்சு குழறுவதும் இப்படித்தான். பக்கவாதத்தில், அறிகுறி ஆரம்பித்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதில் அடக்கம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், முதல் கேள்வியே அதுதான்.

உயிருக்கு ஆபத்து என்று வருபவருக்கு அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. "முதல்ல சீட்டு போட்டுட்டு வாங்க" என்று யாராவது சொன்னால், ஒருவர் சீட்டுக்குப் போகட்டும், நோயாளி உள்ளே போகட்டும்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க அம்மாவை (68, சர்க்கரை) காலை 7 மணிக்கு லேபுக்கு அழைத்துப் போனேன். கூட்டத்தில் 11 மணி ஆகிவிட்டது. கை நடுங்கி, மயங்குவதுபோல் ஆகிவிட்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டுமா? – வாசகி, மதுரை

இல்லையம்மா, அதற்கு முன்பே ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரப் பட்டினி போதும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் பதினொரு மணி வரை இருந்தால் பதினைந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. அப்படி எடுக்கும் ரீடிங்கால் பெரிய பிரயோஜனமும் இல்லை.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் எல்லாம் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியதற்கான அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். குளுக்கோஸ் பவுடரும் கொடுக்கலாம். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தரம். தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். டெஸ்ட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை இன்சுலினையும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையும் வீட்டில் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம். கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டோடு போடட்டும். லேபில் நுழைந்ததும் "வெறும் வயிறு, சர்க்கரை நோயாளி, வயசானவங்க" என்று சொல்லுங்கள். நல்ல லேபில் முன்னால் எடுத்துவிடுவார்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. மட்டும்தான் என்றால் பட்டினியே தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம்.

"ரிப்போர்ட் காட்ட மட்டும்" என்று சொல்லி எங்களுக்கு முன்னால் உள்ளே போகிறார்களே, இது நியாயமா? – வாசகர், ஈரோடு

ஒருவர், இருவர் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டு நிமிட வேலைதான். ஐந்தாறு பேர் வரிசையாக நுழைந்தால் கவுன்டரில் சொல்லுங்கள். ரிப்போர்ட்டுக்கு என்று தனியாக ஒரு நேரம் ஒதுக்கினாலே இந்தச் சண்டை தீர்ந்துவிடும்.

மனைவிக்கு இரண்டு மாதமாகக் கைவிரல் மூட்டுகளில் வீக்கம். காலையில் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடிவதில்லை. மூட்டுவாத நிபுணரிடம் ஐந்து வாரம் கழித்துத்தான் அப்பாயின்ட்மென்ட். காத்திருக்கலாமா? – வாசகர், கோவை

இந்த விஷயத்தில் ஐந்து வாரம் அதிகம். நீங்கள் சொல்வது முடக்குவாதம் போலத் தெரிகிறது. அதில் முதல் மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து ஆரம்பித்தால் மூட்டு கோணிப்போகாமல் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

உங்கள் குடும்ப டாக்டரை அந்த நிபுணருக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். டாக்டருக்கு டாக்டர் பேசி, "காலை விறைப்பு, இரண்டு கையிலும் வீக்கம்" என்று சொன்னால் ஐந்து வாரம் ஒரு வாரமாகிவிடும். நானே எத்தனையோ தடவை இப்படிப் பேசியிருக்கிறேன், அதில் சங்கடப்பட எதுவும் இல்லை. "யாராவது கேன்சல் பண்ணினால் கூப்பிடுங்கள், அரை மணி நேரத்தில் வந்துவிடுவோம்" என்று வரவேற்பில் நம்பர் கொடுத்து வையுங்கள். அதற்குள் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. டெஸ்ட்டுகளைக் குடும்ப டாக்டர் எழுதிக் கொடுப்பார். ரிசல்ட்டோடு போனால் இன்னொரு தரம் அலைய வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே கொடுக்கும் "வலி செட்" மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கம் வடிந்ததுபோல் காட்டும், நோய் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

வேறு சிலருக்கும் இது உதவும் என்பதால் சொல்கிறேன். கண்புரை ஆபரேஷனுக்கு இரண்டு மாதம் காத்திருக்கலாம். ஆனால் கண்ணில் மின்னல்போல வெட்டினாலோ திரை இறங்கியதுபோல் ஒரு பக்கம் மறைத்தாலோ அன்றைக்கே பார்த்தாக வேண்டும். மார்பில் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல், இவற்றுக்கு அடுத்த மாதம் வாருங்கள் என்றால் வேறு இடம் தேடுங்கள். கட்டி வலிக்கவில்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள், புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று போனால் நாற்பது குழந்தைகள் காத்திருக்கின்றன. எப்போது வரிசையைத் தாண்டி உள்ளே போகலாம்? – வாசகி, தஞ்சாவூர்

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி இருந்தாலே வரிசை கிடையாது. பெரிய குழந்தை என்றால் தெர்மாமீட்டரைவிட முகத்தைப் பாருங்கள். 103 டிகிரியிலும் பொம்மைக்குக் கை நீட்டுகிற பிள்ளை கொஞ்சம் காத்திருக்கலாம். 100 டிகிரிதான், ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, தோளிலேயே துவண்டு கிடக்கிறது என்றால் எழுந்து நர்ஸிடம் போங்கள். வலிப்பு, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, நிற்காத வாந்தி இவையும் அப்படியே.

மூச்சை நீங்களே எண்ணலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ "நிமிஷத்துக்கு இத்தனை மூச்சு விடுறா" என்று எண்ணோடு சொல்லுங்கள், உடனே பார்ப்பார்கள். டெங்கு சீசனில் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியும் சோர்வும் வந்தால், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று பொறுமையாக உட்கார வேண்டாம், ஆபத்தான கட்டமே அதுதான்.

அம்மை போட்டிருக்கிறதோ என்று சந்தேகமா? வாசலிலேயே சொல்லிவிட்டு வெளியே நில்லுங்கள். உள்ளே கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருப்பார்கள்.

எட்டாவது மாதம். செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனால் மூன்று மணி நேரம் ஆகிறது. கால் வீங்குகிறது. – வாசகி, கடலூர்

மூன்று மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். இடையில் நடங்கள், இன்னொரு நாற்காலி கேட்டுக் காலைத் தூக்கி வையுங்கள், தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் எடுத்துப் போங்கள். ஆனால் முகமும் கையும் வீங்கினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, ரத்தமோ தண்ணீரோ பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் நேராகப் பிரசவ வார்டுக்குப் போங்கள்.

மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு "டாக்டர் இன்னிக்கு வரல" என்றார்கள். கட்டிய பணத்தைக் கேட்கலாமா? டாக்டரையே மாற்றினால் தவறாக நினைப்பார்களா? – வாசகர், சேலம்

தாராளமாகக் கேளுங்கள். பார்க்காத வைத்தியத்துக்குப் பணம் எதற்கு? பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிர்வாகியிடம் கேளுங்கள், கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் சத்தம் போட வேண்டாம், அவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. தர மறுத்தால் எழுத்தில் கொடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டாக்டரை மாற்றுவது உங்கள் உரிமை. மாறும் முன் பழைய இடத்தில் உங்கள் சிகிச்சை ஆவணங்களின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி இ.சி.ஜி., இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, இந்த மூன்றும் கட்டாயம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.