டிராகன் தீனி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி, வீட்டில் வளர்க்கிற பல்லி இனமான பியர்டட் டிராகனின் சாப்பாடு பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, என் டிராகன் ஒரு வாரமா சரியா சாப்பிடல. என்ன கொடுக்கட்டும்? (பாளையங்கோட்டை)

வயசு என்ன, எடை என்ன, வெயில் காயும் கல்லில் எத்தனை டிகிரி, யுவிபி விளக்கு (வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரைத் தருவது) உண்டா? ஒன்றையும் சொல்லாமல் என்ன கொடுக்கட்டும் என்று கேட்டால் எப்படிச் சொல்வது தம்பி? காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி வரை இருக்கணும். 35-க்குக் கீழே போனால் தின்றது செரிக்காது, செரிக்காவிட்டால் அடுத்த வேளைக்கு வாயைத் திறக்காது. ஏசி அறையில் வைத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வளர்ந்த டிராகன் வருஷத்தில் சில வாரம் மந்தமாகத் தீனியைக் குறைப்பது உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி ரெண்டு மூணு நாள் சாப்பிடாவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், புது எச்சத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் குடல் ஒட்டுண்ணிச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்வன பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: கீரை என்றாலே கால்சியம்தானே, தினமும் பாலக் போடுகிறேன். சரிதானே? (தென்காசி)

சரியில்லை. பாலக், பருப்புக்கீரை, தண்டங்கீரை இதிலெல்லாம் ஆக்சாலிக் அமிலம் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. எப்போதாவது ஒரு வாய் போனால் ஒன்றும் ஆகாது, தினமும் கூடாது. கொல்லையில் முருங்கை இருக்கும்போது பாலக்கை ஏன் தேடிப் போகிறீர்கள்? முருங்கைக்கீரை, பூசணித் தளிர், மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும் மாற்றி மாற்றிப் போடுங்கள். சந்தைக் கீரையைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: ரெண்டு வயசு ஆகுது. சூப்பர்வாம் (தீனிக்கு விற்கிற வண்டுப்புழு) மட்டும்தான் தின்னுது, இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கல. (வள்ளியூர்)

நீங்கள் பழக்கியது. குட்டியில் முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு இலை; வளர்ந்த பிறகு அது அப்படியே தலைகீழாகணும். சூப்பர்வாமில் கொழுப்பு அதிகம், இப்படியே போனால் ஈரல் கெடும். காலையில் விளக்கு போட்டதும் இலை மட்டும் வையுங்கள், பூச்சி வாரம் ரெண்டு தடவை போதும். மேலே செம்பருத்திப் பூவைக் கிள்ளிப் போட்டால் நிறத்தைப் பார்த்து வரும். நல்ல எடையில் இருக்கிற வளர்ந்த டிராகன் சில நாள் பட்டினி கிடந்தால் சாகாது, மனசு இளகி வாம் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பிசான நெல்லுக்கு நட்ட வயலில் வெட்டுக்கிளி சும்மாவே கிடைக்குது. கடையில் காசு கொடுத்து கிரிக்கெட் பூச்சி வாங்கணுமா? (அம்பாசமுத்திரம்)

இதை எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த பருவத்தில் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். வயலில் பிடித்த பூச்சி வேண்டாம், வேண்டவே வேண்டாம். குருத்துப்பூச்சிக்கும் புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அடிக்கிற மருந்துகளில் பல நரம்பைத் தாக்குகிறவை. மருந்து முழுசாகப் பட்ட பூச்சி அங்கேயே செத்துவிழும். அரைகுறையாகப் பட்டது தள்ளாடிக்கொண்டு உங்கள் கையில் சுலபமாகச் சிக்கும். நீங்கள் பொறுக்கிக்கொண்டு வருவது அதைத்தான். நாலைந்து கொடுத்த பிறகு டிராகன் உடம்பு நடுங்கி வாயில் நுரை வந்தால் என்ன நோய் என்று என்னிடம் கேட்கிறீர்கள். “எங்க வயலில் மருந்தே அடிக்கிறதில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லது, பக்கத்து வயல்காரர் அடிக்கிறாரே, வெட்டுக்கிளிக்கு வரப்பு தெரியுமா? மருந்து இல்லாவிட்டாலும் காட்டுப் பூச்சியோடு ஒட்டுண்ணி வரும். அடுக்களைக் கரப்பானும் இதே கணக்குதான், அது எந்தப் பூச்சிமருந்துச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வந்ததோ யாருக்குத் தெரியும்.

காசுதான் கவலை என்றால் கிரிக்கெட்டை வீட்டிலேயே வளருங்கள். குளிர் ஊர்க்காரர்கள் அதற்குச் சூடு வாங்கிப் போடுகிறார்கள், நமக்கு அந்தச் செலவே இல்லை. மூடியில் கம்பிவலை வைத்த பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே முட்டை அட்டை, முட்டையிட ஒரு டப்பா ஈரமண். 30 டிகிரியில் பத்து நாள் சொச்சத்தில் பொரிக்கும், ரெண்டு மாதத்துக்குள் பெரிசாகிவிடும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து சாகும், ஈரப் பஞ்சு வையுங்கள். எறும்பு வராமல் பெட்டியைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் செங்கல் போட்டு அதன்மேல் வையுங்கள். டிராகனுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் கிரிக்கெட்டுக்கு முருங்கைக்கீரையும் கேரட்டும் போடுங்கள், அது தின்றதுதான் டிராகனுக்கும் போகும். அளவு, டிராகனின் ரெண்டு கண்ணுக்கு நடுவில் உள்ள அகலத்தைத் தாண்டக்கூடாது.

கேள்வி: மின்மினிப்பூச்சி? (பாபநாசம்)

கூடாது. ஒரே ஒரு மின்மினி போதும், சில மணி நேரத்தில் கொன்றுவிடும். உங்கள் பக்கம் மழைக்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே வரும், ராத்திரி கூண்டை மூடி வையுங்கள். அவகாடோவும் கூடாது.

கேள்வி: கால்சியம் பொடி தவறாமல் தூவுறேன். ஆனாலும் கால் நடுங்குது, தாடை மெத்துன்னு இருக்கு. கண்ணாடி ஜன்னல் பக்கம்தான் வச்சிருக்கேன், நல்ல வெயில் வரும். (திசையன்விளை)

எலும்பு உருக ஆரம்பித்துவிட்டது, இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வெளிச்சம் கண்ணாடி வழியாக வரும், யுவிபி வராது. அது இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாமல் நீங்கள் தூவுகிற கால்சியம் எச்சத்தோடு போய்விடும். குழாய் விளக்கு வடிவ யுவிபி வாங்குங்கள், எரிந்துகொண்டிருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். காலை வெயிலில் கம்பிக் கூண்டில், பாதி நிழலாக, அரை மணி வைக்கலாம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும். பொடி தூவுவதையும் விடாதீர்கள்: கால்சியம் ரெண்டு பங்குக்கு பாஸ்பரஸ் ஒரு பங்கு வேணும், கிரிக்கெட்டில் பாஸ்பரஸ்தான் ஏழெட்டு மடங்கு. குட்டிக்கு அநேகமாகத் தினமும், பெரிசுக்கு வாரம் ரெண்டு மூணு தடவை.

கேள்வி: தோட்டத்தில் உடும்புக் குட்டி கிடைச்சிருக்கு. இதே தீனியே போடலாமா? (களக்காடு)

எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர், வளர்ப்பது குற்றம்.

கேள்வி: கால்சியம் பொடி தீர்ந்துபோச்சு. வெற்றிலைச் சுண்ணாம்பு தொட்டுக் கொடுக்கலாமா? (உவரி)

ஐயோ, வேண்டாம். அது அரிக்கிற காரப் பொருள், வாயும் குடலும் வெந்துபோகும். கடற்கரையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? ஒதுங்கிக் கிடக்கிற கணவாய் ஓட்டைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் ரெண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, காயவைத்து, நைசாகச் சுரண்டித் தூவுங்கள். புதுப் பொடி வரும்வரை அது போதும். அதில் டி3 கிடையாது, யுவிபி விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.